நான்கு நாள் டெல்லியும் அம்மாவின் வலது முழங்காலும்

2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி எட்டு பத்து. அம்மா இன்று நடந்தது 1,312 ஸ்டெப். நடுவில் உட்கார்ந்தது நான்கு தடவை.

அன்புள்ள கவிநிலாவுக்கு, வேங்கிக்காலிலிருந்து அண்ணன் ஆதவன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, ஆனால் மேலே எழுதிய கணக்கைப் பார்த்துவிட்டு அப்படி எழுதினால் அது பொய். நீயும் நலம் என்று பதில் போடுவாய், அதுவும் பொய்யாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன், முதலில் விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு நாள் கழித்து நீ ஒரு கைகூப்புப் பொம்மை அனுப்புவாய். உன் அண்ணி ஆர்த்திதான், நீங்க பேசினா மல்லுக்கு நிக்கிற மாதிரி இருக்குது, எழுதிப் போடுங்கன்னு சொல்லி இந்த நோட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வீட்டு முகவரி எனக்குச் சந்தேகமாக இருப்பதால் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் சந்தேகம் என்று பின்னால் வரும்.

நீ அனுப்பிய டெல்லி திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். பிப்ரவரி 19 வியாழன் சாயந்திரம் நாங்கள் வந்து இறங்குகிறோம், சிவராத்திரி முடிந்த பிறகுதான் வருவேன்னு அம்மா பிடிவாதம் பிடித்து வாங்கிய தேதி. வெள்ளிக்கிழமை ஆக்ரா, சனிக்கிழமை ஹரித்வார், ஞாயிற்றுக்கிழமை மதுரா, பிருந்தாவனம், திங்கட்கிழமை காலை செங்கோட்டை பார்த்துவிட்டு அப்படியே ஏர்போர்ட். முதல் விஷயம், தாஜ்மகால் வெள்ளிக்கிழமை லீவு, செங்கோட்டை திங்கட்கிழமை லீவு. மூன்று வருஷமாக டெல்லியில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா, இல்லை எந்த ஊர், எந்த நாள் என்பதெல்லாம் உனக்கு முக்கியமே இல்லையா? இரண்டாவது, ஹரித்வாருக்குப் போக அஞ்சு மணி நேரம் வர அஞ்சு மணி நேரம், கங்கையில் கால் நனைக்க ஒரு மணி நேரம். மூன்றாவது, பிருந்தாவனத்தில் குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் என்று போய் வந்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், கண்ணாடி இல்லை என்றால் அம்மாவுக்கு எதிரே வருவது நானா குரங்கா என்று தெரியாது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. திட்டத்துக்கு அடியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், "அம்மாவுக்கு நடக்கிறது ஒரு பிரச்சினையே இல்லை, மாசாமாசம் பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாம சுத்துறவங்க" என்று. அங்கேதான் உன் மொத்தக் கணக்கும் தப்பு. உன்னைக் குத்தம் சொல்லவில்லை, ஒரே வீட்டில் இருக்கிற நானும் அதே தப்புக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிற பொம்பளை என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வேறு டெஸ்ட்டே வேண்டாம், அப்படித்தானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

போன பௌர்ணமி ஜனவரி மூன்றாம் தேதி. மதியமே கோவில் பக்கம் போயிட்டு அப்படியே சுத்த ஆரம்பிச்சிடுறேன், ராத்திரி மண்டபத்துல படுத்துட்டுக் காலையில வரேன்னு எப்போதும் போலச் சொல்லிவிட்டு அம்மா கிளம்பிவிட்டாள். மூன்று மணிக்கு எனக்கு அடி அண்ணாமலையில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கடையிலிருந்து போன், கூட்டம் வருகிற நேரத்தில் மோட்டார் ட்ரிப் ஆகி நின்று நின்று போகிறது என்று. போய் கரண்ட் பேனல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே டீக்கடை பெஞ்சில் அம்மா. வலது காலைக் கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் நீட்டி, முட்டி முழுக்கத் தைலம், கையில் போனை வைத்துக்கொண்டு மலையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அது உனக்குத்தான். பாதி சுத்திட்டேன் கண்ணுன்னு எழுதி அனுப்புவாளே அந்தப் படம். உன் போனில் எடுத்துப் பார், ஆறு பௌர்ணமியாக வந்த ஆறு படத்திலும் இடது மூலையில் அந்தக் கடையின் நீலத் தார்ப்பாய் நுனி தெரியும். ஆறு மாசமாக அம்மா மலையே சுற்றவில்லை. போலீஸ் வண்டிகளை நிறுத்துவதற்கு முன்னால் மதியமே ஷேர் ஆட்டோ தசரதன் அண்ணன் கொண்டுபோய் அந்தக் கடையில் இறக்கி விடுவது, மறுநாள் காலையில் கூட்டம் கலைந்ததும் போய் ஏற்றிக்கொண்டு வந்து நம் தெருமுனையில் விடுவது. தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டு வருவாள், பதினாலு கிலோமீட்டர் நடந்த கால் அப்படித்தான் இருக்கும் என்று ஆர்த்தி வெந்நீர் போட்டுக் கொடுப்பாள். நான் அப்படியே ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். அம்மா கொஞ்சம் கூட அசரவில்லை, இன்னாடா முறைக்கிற, பேனல் அங்க இருக்குது, அங்கப் பாருன்னு சொன்னாள். தசரதன் அண்ணனைப் பிடித்துக் கேட்டதற்கு, நான் இன்னா தம்பி பண்றது, மலையைப் பார்த்து சத்தியம் வாங்கிக்கிட்டாங்க, நீயா பார்த்துட்ட, என் மேல தப்பு இல்லைன்னு சொல்லி ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தேன். வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுகிறது, நடுவில் இருக்க வேண்டிய ஜவ்வு இல்லை. இடது கால் பரவாயில்லை, ஆனால் அதற்கு இப்போது லோடு ஜாஸ்தி. உயிருக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், படி கம்மி பண்ணணும், எங்கேயாவது தடுக்கி விழுந்தால்தான் சிக்கல், ஆபரேஷன் ஆறு மாசத்துக்குள் யோசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இதைக் கவிகிட்ட சொன்னா ஆபரேஷன் முடிச்சிட்டு வாங்கம்மான்னு சொல்லிடுவா, ஒரு வருஷமா வரேன் வரேன்னு கேட்டு இப்பதான் சரின்னு சொல்லியிருக்கா, அதைக் கெடுத்த, உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னாள். நடுரோட்டில், எக்ஸ்ரே கவரைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை எனக்கு ஒரு நம்பர் வேண்டும் என்று சொல்லிக் கிரிவலப் பாதையில் கூட்டிக்கொண்டு போய் என் போனை அவள் சுருக்குப்பையில் போட்டு நடக்க விட்டேன். அந்த நம்பர்தான் மேலே இருப்பது. எழுநூறு மீட்டர் கூட வராது. உன் திட்டப்படி வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் நான் குறைத்துப் போட்டாலே பத்தாயிரம் ஸ்டெப், அது போக ஸ்டேஷன் மேம்பாலப் படிகள் வேறு.

இது வரைக்கும் அம்மாவின் பொய். இனி உன்னுடையது. நான் திட்டத்தை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தேன், எனக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது. வியாழன் சாயந்திரம் ஆறிலிருந்து திங்கள் மதியம் இரண்டு வரைக்கும் மொத்தம் 92 மணி நேரம். அதில் வண்டியில், வெளியூரில், ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் என்று எல்லாம் போக, உன் வீட்டில் நாங்கள் இருக்கிற நேரம் பூஜ்யம். விடியக்காலை வண்டிக்கு வசதின்னு நீ லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறாய். பெத்த தாய் ஆயிரத்துச் சொச்சம் மைல் தாண்டி வந்தால் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூட உன் வீட்டு வாசலுக்குள் வராத மாதிரி ஒரு திட்டம் தற்செயலாக அமையாது, அதை யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட வேண்டும். இன்னொன்று. தீபாவளிக்கு முன்னால் வரைக்கும் நீ வீடியோ காலில் வரும்போது உன் பின்னால் வெள்ளை கலர் ஸ்விட்ச் போர்டு, புது மாடல், எட்டு ஸ்விட்ச். தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து பழுப்பு கலர் பழைய போர்டு, வட்ட ரெகுலேட்டர், ஒரு ஸ்விட்ச் உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. உன் தலைக்கு மேலே இரும்புக் கட்டிலின் மேல் அடுக்கு தெரிகிறது. பெட்ரூம் மாத்திட்டோம்ணான்னு சொன்னாய். புருஷன் பொண்டாட்டி இருக்கிற வீட்டில் அடுக்குக் கட்டில் எதற்கு? மாப்பிள்ளை சரவணகுமாரைக் கேட்டால் ஆபீஸ் போயிருக்கார் என்கிறாய், தொடர்ந்து பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போகிற ஆளை நான் பார்த்ததில்லை. நீ ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாய், அக்டோபர் கடைசியிலிருந்து இருக்கிறாய் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நீ ரெஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வெளியே வந்த அன்று நான்தான் சொன்னேன், நாளைக்கு ஏதாவதுன்னா என் வாசல்ல வந்து நிக்காதேன்னு. கோபத்தில் சொன்னேன் என்று சமாளிக்கலாம், ஆனால் நிதானமாகத்தான் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு, டிப்ளமோ கடைசி வருஷம். அதிலிருந்து உன் காலேஜ் ஃபாரம், ஹாஸ்டல் ஃபாரம், பாஸ்போர்ட் ஃபாரம் எல்லாவற்றிலும் கார்டியன் என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்படிப் போட்டவன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. தப்பாக மாட்டிய வயரை மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், கழற்றிவிட்டேன். நீ என்ன செய்தாய், மாப்பிள்ளை என்ன செய்தார் என்று நான் விசாரிக்க வரவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், குறுக்கே பேசாமல் கேட்க முயற்சி செய்கிறேன், அது எனக்குக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இன்று காலையில் நடந்த கடைசி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், இதற்காகத்தான் இன்றே உட்கார்ந்தேன். நாலாவது தடவை அம்மா உட்கார்ந்தபோது நாலு ஊரையும் சொல்லி, ஒரே ஒரு ஊர்தான் போக முடியும், எது வேணும்னு கேட்டேன். ஸ்விட்ச் போர்டு கதை எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே, தாஜ்மகாலு எங்கேயும் ஓடிப் போகாதுடா, அவ இருக்கிற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னாள். அப்புறம், தினம் சாயந்திரம் போன்ல பேசிக்கிட்டே பாத்திரம் கழுவுவா, முன்ன ரெண்டு தட்டு சத்தம் கேக்கும், இப்ப மூணு மாசமா ஒரு தட்டு சத்தம்தான்டா கேக்குதுன்னு சொன்னாள். எவ்ளோ சின்ன ரூமா இருந்தாலும் ஒரு பாய் போட எடம் இருக்கும், இல்லன்னா ஒரு நாற்காலி போடச் சொல்லு, நான் உக்காந்துக்கிட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்னு சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூடாது என்று மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது போதும்.

இப்போது கேட்கிறேன், கவி, நீ நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அங்கே ஹாஸ்டலில் குளிருக்குக் கம்பளி இருக்கிறதா, அந்த உடைந்த ஸ்விட்சை ஈரக் கையால் தொடாதே. அம்மா மலையைப் பார்த்து உனக்காகத் தினமும் கும்பிடுகிறாள், நடக்க முடியாததால் மொட்டை மாடிக்குக் கூட ஏறாமல் சமையலறை ஜன்னலிலிருந்தே கும்பிடுகிறாள். அண்ணாமலையார் உனக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதம் வந்த விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ போனில் காலைப் பற்றி எடுத்தவுடனே கத்தாதே.

இப்படிக்கு,
உன் கார்டியன்,
ஆதவன்

இனி நான் செய்யப் போவது:

1. நான் எடுத்த ஹரித்வார், மதுரா டிக்கெட் இரண்டையும் இன்றே ரத்து செய்கிறேன். ஆக்ரா டிக்கெட் உன் பெயரில் இருப்பதால் அதை நீ ரத்து செய். லாட்ஜ் ரூம் இருக்கட்டும், படுக்க மட்டும்.

2. சென்னையிலும் டெல்லியிலும் ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்கிறேன். உட்கார மாட்டேன் என்று அம்மா சண்டை போடுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

3. வெள்ளிக்கிழமை காலை அம்மாவை உன் ஹாஸ்டல் வாசலில் இறக்கி விடுகிறேன். மேலே வரை படி எத்தனை என்று மட்டும் எனக்கு எழுது. ஆண்களை உள்ளே விட மாட்டார்கள் என்றால் நான் வெளியே டீக்கடையில் இருப்பேன், எத்தனை மணி நேரமானாலும்.

4. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு இடம், நீ காய்கறி வாங்குகிற மார்க்கெட். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வருகிறோம். வேறு எங்கேயாவது பார்க்கணுமா என்றதற்கு அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

5. வரும்போது டிக்கெட் இரண்டு, திரும்பும்போது மூன்று. மூன்றாவதில் உன் பெயர் போட்டிருக்கிறேன். ஒரு வாரம் லீவு சொல்லி வந்தாலும் சரி, மொத்தமாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதை மட்டும் நான் ரத்து செய்ய மாட்டேன்.