ஊன்றுகோலில் ஒரு பை

டீச்சரம்மா,

நல்லா தூங்குற, எழுப்ப மனசு வரல. சைக்கிள் கடையைத் திறக்கப் போறேன்.

மாவுக்கட்டு போட்ட காலோட நேத்து நீ, "ஒரு டம்ளர் காபிக்குக்கூட உங்களைக் கூப்பிடணுமா?"ன்னு கத்தினே. "கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவே?"ன்னு நானும் எகிறிட்டேன். அப்புறம் உன் ரெண்டு ஊன்றுகோலையும் எடுத்து, ஒத்தைக் காலால சமையலறைவரைக்கும் போய்ப் பார்த்தேன். ரெண்டு கையும் கோலுக்கே சரியாப்போச்சு. டம்ளரைப் பல்லாலயா கவ்விக்கிட்டு வர்றது?

அதான் வலது கோல்ல பை கட்டியிருக்கேன். மூடி போட்ட பிளாஸ்க் அதுல ஆடாம நிக்கும். காபி அடுப்புல இருக்கு. நீயே சூடு பண்ணி, நீயே ஊத்தி, எந்த ஜன்னலோரம் வேணுமோ அங்கே கொண்டுபோய்க் குடி.

உன் உள்ளங்கைக் கொப்புளத்துக்காகக் கைப்பிடியில சைக்கிள் ஸ்பாஞ்ச் மாட்டியிருக்கேன். கக்கத்துப் பக்கம் சுத்தியிருக்கிறது என் பழைய ஸ்வெட்டர். திட்டாதே, துவைச்சதுதான்.

பதினோரு மணிக்கு பிசியோதெரபி அக்கா வருவாங்க. கதவைச் சும்மா சாத்தி வெச்சிருக்கேன்.

பி.கு.: கோலோட அடி ரப்பரும் புதுசு. அதுக்காகக் குளியலறை ஈரத்துல வீரம் காட்டாதே.

இன்னொண்ணு: இடது கோல்ல சைக்கிள் பெல் இருக்கு. என்னைக் கூப்பிட இல்லம்மா. நீ வர்றப்போ நான் வழிவிடத்தான்.