கண்ணாடிக்குள் இல்லாத தெரு

ஜூன் 9, திங்கள்

சைட் ஆபீசுக்கு வி.ஆர். கண்ணாடி வந்துவிட்டது; மாட்டினால் மனையிலேயே நிற்பது போலக் காட்டும். பாகூரில் மனை வாங்க வருகிறவர்கள் தலையில் அதை மாட்டிவிடுவதுதான் இனி என் வேலை. "இன்னும் மூணு வருஷத்துல எவனும் வெயில்ல வந்து மனை பாக்க மாட்டான் ரோஸ்லின். பாரிசுல உக்காந்துகினே வாங்குவான். எல்லா புரோமோட்டரும் இத செஞ்சித் தரச் சொல்லி நம்மகிட்டதான் வருவான்" என்கிறார் முதலாளி புகழேந்தி. இந்தத் தொழில் வளருமோ என்னவோ. மண்ணை விற்கிறவர் மண்ணைக் காட்டாமல் எதற்கு இதைக் காட்டுகிறார்?

ஜூன் 13

மாட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு கழற்றுகிறார்கள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

ஜூன் 17

முதலாளி வெளியே போன நேரம் நானே மாட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை சரி. வரிசைப் பனைகள் சரி. இடப்பக்கம் திரும்பினேன் — மனைகளை ஒட்டி எங்கள் தெரு இருக்க வேண்டும். இல்லை. புல்வெளி, நடைபாதை, பெஞ்சு. பத்தொன்பது வீடும், மாதா சிலை இருக்கிற கெபியும் எங்கே?

காலி செய்யப் போகிறார்களா? எங்களுக்குத் தெரியாமல் யாராவது எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

அப்பாவிடம் சொன்னேன். "பட்டா பொட்டியில கீது. எவன் இன்னா பண்ணிடுவான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

ஜூன் 18

கண்ணாடிக்குப் படம் செய்து தந்த ராஜேஷைப் பிடித்துக் கேட்டேன்.

"உங்க தெருவ யாரும் புடுங்கிக்கலக்கா. ட்ரோன் படத்துல இருந்துச்சி. சாருதான் அழிக்கச் சொன்னாரு."

"ஏன்டா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்கத்துல யாரு தெருன்னு வாங்கறவங்க கேக்கறாங்களாம்."

வீடு போகாது. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லையே. நாங்க இன்னா, பாக்கக் கூடாதவங்களா? நாந்தானே ஒவ்வொருத்தரு கண்ணுலயும் அத மாட்டி விடறேன் — என் கையால!

ஜூன் 21, சனி

வில்லியனூரிலிருந்து அனுப்பிரியா என்று ஒருவர், கணவரோடு வந்தார். கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "எவ்ளோ அமைதியா கீது" என்றார்.

"கழட்டுங்க மேடம். ரெண்டு நிமிஷ நடைதான். நேர்லயே பாத்துடலாம்."

எங்கள் தெரு முனையில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இது அந்தக் கண்ணாடியில வராது. மூணாவது வூடு எங்களுது."

கணவர் வந்த வழியே திரும்பி நடந்தார். அனுப்பிரியா என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு அவரும் போய்விட்டார்.

சாயங்காலம் முதலாளி: "நாளையிலேர்ந்து வராத."

ஜூன் 29, ஞாயிறு

நாளை முதல் திருபுவனையில் கம்பெனி வேலை. பூசை முடிந்து வந்தால் எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டி. அனுப்பிரியா. தனியாக வந்து அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "மழ வந்தா அந்த மனையில எந்தப் பக்கம்க்கா தண்ணி நிக்கும்?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு காட்டக் கிளம்பினாள்.