கோரஸில் சேராத வாய்

செவ்வாய் இரவு.

அம்பத்தூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்றைக்கு ‘கிவ் அப்’. சார் சொல்லச் சொல்ல எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். “மை வைஃப் கேவ் அப் ஹெர் ஜாப்” என்றார். மனைவி வேலையை விட்டுவிட்டாளாம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஏம்மா, புரியலையா?”

“புரியுது சார். அதான் சொல்லல.”

“அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க.”

எழுந்து, “ஐ வில் நாட் கிவ் அப் மை ஜாப்” என்றேன். குரல் நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஒரு வாரமாக என்னை வேலையை விடச் சொல்லும் என் வீட்டுக்காரர் கேட்டார்: “இன்னா கத்துக்கினு வந்தே?”

அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

“சூப்பரா பேசுறியே!” என்று சிரித்தார். பாடம் ஒப்பிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

என் கம்பெனி யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, அவர் சட்டைக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன். காலையில் புரியும்.