வாக்கால் போன கிண்ணம்

விம்பிள்டன்
12.01.1995

அன்பு மகள் தயாளினிக்கு,

கணபதியார் துணையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்த அமெரிக்கப் பனிக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் என் நினைப்பு.

உன் கடிதம் கிடைத்தது. உன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஒரு ஆட்டமும் தோற்காமலே இரண்டாம் இடமாம், பத்திரிகைக்காரரும் பயிற்சியாளரும் வாக்குப் போட்டு வேறோர் அணியை முதலாவதாக்கிவிட்டார்களாம், இரண்டையும் மோதவிட இறுதியாட்டமே இல்லையாம். அப்பா வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் தடுத்த கதை ஒன்று இருக்கிறது, இனி நான் சொல்லத்தான் போகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில், இங்குள்ள பழைய மாணவர் அணிகளின் கால்பந்துச் சுற்றுப்போட்டியில் அப்பா பழக்கிய அணி ஒன்றிலும் தோற்கவில்லை. போட்டிக் குழுத் தலைவர் குலசேகரத்தின் அணியும் தோற்கவில்லை. இரண்டும் மோத வேண்டிய ஆட்டம் மழையால் நின்றுபோனது. பிறகொரு நாள் ஆடுவோம் என்று அப்பா கேட்க, குழு வாக்கெடுத்துக் கிண்ணத்தைக் குலசேகரத்தின் அணிக்கே கொடுத்தது. அதோடு விட்டாரா அந்த மனிதர்? "உங்கட பெடியளுக்கு எங்கட ஆக்களின்ர தரம் வருமே, அம்பலவாணன்?" என்று மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். மண்டபமே சிரித்தது. அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க இல்ஃபோர்ட், ஸ்ட்ரெதம் என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு கதைத்தேன். பொதுக்கூட்டத்தில் அவர்களும் கணவன்மாரும் சேர்ந்து கையுயர்த்த, முதலிரண்டு அணிகளும் இறுதியாட்டம் ஆட வேண்டும் என்று விதி மாறியது. போன கோடையில் குலசேகரத்தின் அணி எல்லோரையும் வென்றது, எங்களையும்தான். பழைய விதி என்றால் கிண்ணம் அவர்களுக்கே. ஆனால் இறுதியாட்டத்தில், முடியப் போகிற நேரம், நம் யேசுரட்ணம் தலையால் ஒரு கோல் போட்டான். அவ்வளவுதான், முடிந்தது.

குலசேகரம் நேரே என்னிடம் வந்தார். "அக்கா, வருசம் முழுக்க வெண்டது நாங்கள். ஒரு ஆட்டத்தில எல்லாம் போச்சுது. இது நியாயமே?" என்றார். அவர் சொன்னது சரிதான், அவர்கள்தான் திறமான அணி. "ஓம், நியாயமில்லைத்தான். நீங்கள் தலைவரெல்லே, கிண்ணத்தைக் கொண்டுபோய் இவரின்ர கையில குடுங்கோ" என்றேன். கொடுத்தார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். ரயிலில் வரும்போது, "மனிசன் பாவமப்பா, உமக்கு இரக்கமே இல்லையே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, பிள்ளை. அன்றுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இறுதியாட்டம் கேட்டு உங்கள் மாணவர்கள் கையெழுத்துச் சேர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீயும் போடு. ஆனால் அது வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று நம்பாதே. தோற்றவனின் முகத்தை நேரே பார்க்கலாம், எனக்கு அது போதுமாக இருந்தது.

காது மூடும் தொப்பி இல்லாமல் வெளியில் இறங்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் எந்நாளும் உன்னோடு இருப்பார். ஞாயிறு காலையில் மட்டும் என்னைத் தொலைபேசியில் கூப்பிடாதே. குலசேகரத்தின் மனைவி பாலாம்பிகை பழைய விதியைத் திரும்பக் கொண்டுவர வீடு வீடாகப் போகிறாவாம், அன்றைக்கு நம் வீட்டு முறை. அப்பாவின் மனம் இளகிவிடும் என்று அவரை இல்ஃபோர்ட்டுக்கு அனுப்புகிறேன். அவ வரட்டும், நான் வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் உன் நன்மையே வேண்டும்
அம்மா
சிவனேஸ்வரி