இருபத்தெட்டு ஆயிற்று, எட்டு மீதி

நலம் பெருகுக. ஏழு மலையும் இரு துறையும் காத்து, வேயலூர் அரியணையில் வீற்றிருந்து முறை செய்யும் மன்னர் கோமாறவேள் அவர்களின் திருமுன்பு, கருநீலி ஆற்றின் தென்கரைப் பாசறையிலிருந்து அமைச்சன் எயினன் சாத்தன் தலைதாழ்த்தி எழுதும் ஓலை. தங்கள் குடைநிழல் நீள்க. தங்கள் நாடெங்கும் மழை பொழிக. இவ்வாற்றின் தலைமலையில் மட்டும் இன்னும் சில நாள் பொழியாதிருக்க.

தங்கள் திருமுகம் இன்று நண்பகலில் வந்தது. வடகரையில் பகைவர் வளைத்திருக்கும் மருதங்குடியை மீட்கப் படகுப்பாலம் ஆயிற்றா, ஆகாதா என்று ஒரே சொல்லில் விடை வேண்டும் என்றும், ஆகாது எனில் பகைவர் கையில் சிக்காதபடி படகுகளைக் கொளுத்திவிட்டுப் படை திரும்ப வேண்டும் என்றும் ஆணையிட்டிருக்கிறீர்கள். அவ்வூரில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். சென்ற திங்களன்று அங்கே நான்கு பொதுக் கஞ்சி அடுப்புகளின் புகை தெரிந்தது. இன்று காலை ஒன்றுதான் தெரிந்தது.

ஒரு சொல்லில் விடை எழுத மும்முறை எழுத்தாணி எடுத்து மும்முறையும் கீழே வைத்தேன். அதன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் பாட்டனார் காலந்தொட்டு நம் படையில் அந்திக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுத்தலைவனும் தன் வேலையைக் குறித்து இரண்டில் ஒன்றையே சொல்லலாம்: ஆயிற்று, அல்லது ஆகாது. மும்முறை ஆகாது என்றவன் தன் ஆட்கள் முன்னிலையில் தலைப்பாகை களைந்து வெளியேற வேண்டும். இம்முறையை நானும் முப்பது ஆண்டுகளாகப் பெருமையோடு நடத்தி வந்தவன்தான்.

கயிற்றுக்குழுத் தலைவன் அழிசி இருமுறை ஆகாது என்றிருந்தான். மூன்றாம் அந்தியில் ஆயிற்று என்றான். நடு ஆற்றுக் கயிற்றின் முடிச்சுகளில் பாதி இறுகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் ஆட்களுக்கும் தெரியும். மறுநாள் காலை பாலம் நடுவில் அறுந்தது. ஒன்பது பேரை ஆறு கொண்டுபோயிற்று. அவர்களில் ஒருவன் அழிசியின் உடன்பிறந்தான்.

சட்டப்படி அவன் தலையை வாங்கியிருக்க வேண்டும். வாளை உருவவும் செய்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று வினவியபோது, பாதி முடிந்தது என்று சொல்வதற்கு நம் படையில் இடமில்லையே என்று அவன் அழாமல் விடை சொன்னான். அரசே, வாளை மீண்டும் உறையில் இட்டேன். அந்த ஒன்பது பேரின் சாவில் அவனுக்குப் பங்கு உண்டு, எனக்கும் உண்டு.

அன்று அந்தியில் தங்கள் இசைவு பெறாமலே மூன்றாம் விடை ஒன்றை அனுமதித்தேன். இவ்வளவு ஆயிற்று, இவ்வளவு மீதி என்று எவனும் சொல்லலாம். அதற்காகத் தலைப்பாகை களைய வேண்டியதில்லை. ஆகாது என்று சொல்ல வருபவனும், எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டே அமர வேண்டும். தவறு யாருடையது என்ற என் வழக்கமான கேள்வியை நானே விழுங்கிக்கொண்டேன். அது எளிதாக இல்லை.

முதல் நாள் எல்லோரும் என் இடைவாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அழிசிதான் எழுந்து, முப்பத்தாறில் பதினான்கு படகு ஆயிற்று, நடு ஆற்றின் இழுப்பைக் கயிறு தாங்கவில்லை, வழி தெரியவில்லை என்றான். அந்தக் குறையைக் காதால் கேட்டதும் கூட்டத்தின் பின்னாலிருந்து மீன் கொண்டுவரும் நக்கணி என்னும் பரதவப் பெண் எழுந்தாள். இழுப்பு முழுவதையும் ஒரே கயிற்றின் மேல் ஏற்றுவானேன், படகுக்கு ஒரு நங்கூரக்கல் நீர் வரும் பக்கமாக இறக்கினால் ஒவ்வொன்றும் தன் பாரத்தைத் தானே தாங்குமே என்றாள். பாலம் அறுவதற்கு முன்பே இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் எங்கே இடர் என்று எவரும் சொல்லவில்லையே என்றாள். அன்றிரவே படகுக்கு ஒரு கல் கட்டி இறக்கத் தொடங்கினோம்.

அதன்பின் எந்தப் படகும் அறுந்து போகவில்லை. ஆனால் நாளுக்கு ஒரு சாண் நீர் ஏறுகிறது. கல்லும் குறைந்து வருகிறது; பாசறைக் கோயிலின் படிக்கற்களையும் பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பழியும் என்னுடையதே.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் விடை: இருபத்தெட்டு ஆயிற்று, எட்டு மீதி. ஆயிற்று என்றால் பொய்யாகும். ஆகாது என்றால் நாலாயிரம் பேரை என் வாயால் கொன்றவனாவேன். இவ்வோலை தங்களை அடைய இரண்டு நாள் ஆகும். அப்போது மீதி எட்டாக இராது. வேறு சொல்தான் வேண்டும் என்பது திருவுள்ளமாயின், அதைச் சொல்ல வேறொருவனை அனுப்பியருள்க. அவன் வந்து சேரும்வரை கட்டிக்கொண்டிருப்போம்.

வழிநெடுகிலும் உள்ள காவலர்க்கு ஆணை: இவ்வோலை கொண்டுவருபவனைத் தடுக்கலாகாது, அவன் குதிரை தளர்ந்தால் உம் குதிரையைக் கொடுக்க.

என் பதவி மோதிரத்தை இறுதியாக ஒருமுறை அரக்கில் பதித்து, இந்த ஓலைக் கயிற்றிலேயே கோத்து அனுப்புகிறேன். கொள்வதும் திருப்பி அனுப்புவதும் தங்கள் அருள். கயிற்றை முடிந்தவன் அழிசி. இழுத்துப் பார்த்தேன். இது ஆயிற்று.