அக்கா என்று பெயர் வைத்த கதவு

அன்புள்ள வாலுவுக்கு, அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. நாலு நாளாக உன் எண்ணுக்கு அடித்துப் பார்க்கிறேன், மணியே போகவில்லை. அதனால்தான் உங்கள் மருத்துவமனைக்கு மருந்து ஏற்றி வரும் லாரிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வண்டியை எடுப்பதற்கு முன் முழுவதும் படித்துவிடு. முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் உன் வழக்கம் இந்தத் தடவை வேண்டாம்.

போன கடிதத்தில் எழுதியிருந்தாய். டாக்டர்களை ஏற்றிப் போகும் உன் வண்டியின் கதவுத் தகட்டைச் சோதித்தது நான்தான் என்று தெரிந்ததிலிருந்து, எல்லோரும் அந்தக் கதவை அக்கா என்று கூப்பிடுகிறார்களாம். குண்டு பறக்கும் சாலையில் அக்கா பக்கம் உட்கார அடிபிடியாம். படித்துவிட்டுச் சிரித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனடா.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குண்டு தகட்டுக்குள் நுழையும்போது துளையின் சுவரில் உரசிக்கொண்டே போகும். அந்த உராய்வு அதன் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, பழைய கனத்த தகட்டில் சிக்கி நின்ற குண்டு ஒன்றை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து மெல்ல மெல்ல வெளியே தள்ளினோம். கிறீச்சென்று கத்தியதே தவிர அசைய மாட்டேன் என்றது. இவ்வளவு பிடிப்பா என்று எனக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பிடிப்பை அப்படியே கணக்கில் போட்டேன். தகட்டின் கனத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைக்கலாம் என்று வந்தது. வண்டியின் எடை குறையும் என்று மேலாளர் என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடாத குறை. அப்போது பார்த்து, சுடும் கூடத்தின் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுட்டுப் பார்க்காமலே, கணக்கை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

கூடம் போன வாரம்தான் திறந்தது. மீதமிருந்த தகடுகளில் ஐந்து முறை சுட்டோம். மூன்று குண்டுகள் அந்தப் பக்கம் போய்விட்டன. தகட்டை அறுத்துப் பார்த்தேன். துளையின் உட்சுவர் கழுவித் துடைத்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. அந்த வேகத்தில் உரசிய சூட்டில் உலோகம் மயிரிழை அளவுக்கு உருகி, குண்டு அதிலேயே வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. மெல்லத் தள்ளியபோது முரண்டு பிடித்த அதே இரும்பு, வேகமாக வந்ததற்கு வழிவிட்டுவிட்டது. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். என் புத்தியை என்னவென்று சொல்ல.

மேலாளரிடம் ஓடினேன். "இன்னொரு தடவை சுட்டுப் பாத்துட்டு மெதுவா மேல சொல்லிக்கலாம், ரெண்டு வாரத்துல என்ன ஆகிடப் போகுது" என்றார். அவர் தம்பி ஓட்டுகிற வண்டியாக இருந்தால் அப்படிப் பேசுவாரா? அறிக்கையை நானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அங்கிருந்து உத்தரவு கிளம்பி உங்களிடம் வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியவில்லை.

கதவைத் திறந்து, கீல் பக்கம் குனிந்து பார். தகட்டின் விளிம்பில் பொடியாக ஓர் எண் கொத்தியிருக்கும். நாற்பத்தொன்றில் தொடங்கினால் அது என் மெல்லிய தகடு. அந்த வண்டியில் ஏறாதே.

இதற்கு மேலே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள், பள்ளிக்கூடத்தில் நீ சொல்லாத பொய்யா என்று எழுதியிருந்தேன். நீ படுத்தால் சாவி இன்னொருவன் கைக்குப் போகும். அவனுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தை ஒளிக்காமல் உங்கள் பொறுப்பாளரிடமே கொடு. யாரும் சந்தேகப்படாதபடி கீழே என் பதவியை எழுதி, முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வேலைக்கு நீ போகக் கூடாது என்று அவள் அழுதபோது, "கதவை நான் பாத்துக்கறேன்மா" என்று சொல்லி உன் பையை எடுத்துக் கொடுத்தவள் நான். "தம்பி லெட்டர் போட்டானா" என்று தினமும் என்னைத்தான் கேட்கிறாள்.

என்மேல் கோபப்படு. நாலு பக்கம் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். அதை எழுத நீ இருக்க வேண்டும். லாரிக்காரர் நாளை மறுநாள் திரும்புகிறாராம். கதவு எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்துவிடு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. அந்தக் கதவை இனிமேல் யாரும் அக்கா என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லு.

உன் அக்கா,
(முழுக் கையெழுத்து)
தகடு சோதனைப் பொறியாளர்