அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் சுகமாய் இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே என் நினைப்பு. அப்பாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை, மாத்திரை போடச் சொன்னால் என் மேலேயே எரிந்து விழுகிறார்.

போன வாரம் போனில் நீ, தங்கச்சியை ஏம்மா இன்னும் ஸ்கூலுக்கு அலையவிடுற, வீட்டிலேயே நிம்மதியா இருக்கட்டுமே என்றாய். எனக்குச் சுருக்கென்றது. போனிலேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அவளுடைய சிறப்புப் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டார்கள். புதிதாய் வந்திருக்கும் தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். உன் தங்கச்சியை நோட்டு பைண்டிங் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, பாசிமணி கோர்க்கும் அறையில் உட்காரவைக்கப் போகிறார்களாம், சம்மதம் என்று நான் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஓட்டை போடுற மிஷினை அவளால அழுத்த முடியல, மத்த பிள்ளைங்களுக்கும் லேட் ஆகுது, பாசி கோர்த்தா அவளுக்கும் பொழுது போகும் பாருங்க என்றார். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குப் பொழுது போக்கவா இத்தனை வருஷமாய்ச் சக்கர நாற்காலியை பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறேன்? மாட்டேன் என்று தாளைத் தள்ளிவைத்தேன். நீங்க உணர்ச்சிவசப்படுறீங்கம்மா என்றார். ஆமா படுறேன், அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா என்று கேட்டேன். உன் அப்பா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபி டீச்சரும் அங்கே இருந்தார். அவர் மெல்ல, அவ கையில பலம் வந்திருக்கு மேடம், மேஜைதான் அவளுக்கு உயரம் என்றார். அப்படியானால் இப்பவே பார்த்துடலாம் என்று எழுந்துவிட்டேன். எல்லோரும் பைண்டிங் அறைக்குப் போனோம். நானும் டீச்சருமாய் மிஷினைத் தூக்கி, வாசலில் செருப்பு வைக்கிற குட்டை பெஞ்சைக் காலி செய்து அதன்மேல் வைத்தோம். உன் தங்கச்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, மடங்கிப்போன இடக்கையின் முழங்கையால் தாள்களை அமுக்கிக்கொண்டு, வலக்கையால் பிடியை அழுத்தினாள். ஓட்டைகள் கோணலாய் விழுந்தன, கசக்கி எறிந்தாள். இரண்டாவதும் கோணல். தலைமையாசிரியை போதும் என்று எழப்போனார். இருங்க என்றாள் இவள். இரண்டு வருஷப் பேச்சுப் பயிற்சியில் அவ்வளவு தெளிவாய் ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது நேராய் விழுந்தது. ஒரு நோட்டு முடிக்க இருபது நிமிஷம். உதவப்போகாமல் இருக்க, என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன், அதே தாளை மறுபடி நீட்டினாலும் நீட்டுவார்கள், அப்போதும் நான் இதே அம்மாதான். உன் அப்பா மறுநாளே ரம்பத்தோடு பள்ளிக்குப் போய் மேஜைக் கால்களை அறுத்துவைத்துவிட்டு வந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் நிம்மதி என்றாயே, அது யாருடைய நிம்மதி என்று கொஞ்சம் யோசி. கோபத்தில் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளையும் வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம் என்று சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாய் வாழ எங்கள் ஆசி. ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் உன் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, நான் சொல்லமாட்டேன். போனை அவள் காதில் வைத்துவிடுவேன், அவளிடமே கேள். மெதுவாய்த்தான் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மா